ஐந்தும் ஐந்தெழுத்து

1. எண்ணத் தெரியுமா?

வேலை கேட்டுப் போன அன்று முதலாளி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எண்ணத் தெரியுமா?”

“பத்தாவது பாஸ் சார். இங்கிலீஷ் நல்லா படிப்பேன்.”

“படிக்கிறதப் பத்தி யாரும்மா கேட்டா? எண்ணத் தெரியுமா?”

தெரியும் என்றேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் என்கிரேவிங் பட்டறை அது. எண்பதுகளின் நடுவில் சேர்ந்தேன். வேப்பம்பட்டில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து போவேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு பேண்டோகிராஃப் மெஷின், ஷீட் அறுக்க ஒரு கட்டிங் மெஷின். ஆட்கள் இரண்டே பேர், முதலாளியும் நானும். சித்திரையில் அந்தக் கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் நான் ஏன் கோபக்காரி என்று புரியும்.

மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோல் பேனலில் ஒவ்வொரு பட்டனுக்கு மேலும் ஒரு சின்ன பிளேட் இருக்கும். ஸ்டார்ட், ஸ்டாப் என்று எழுதியிருக்கும். அதற்கு லெஜண்ட் பிளேட் என்று பெயர். அதை வெட்டுவதுதான் எங்கள் வேலை. ஷீட் மேலே கறுப்பு, உள்ளே வெள்ளை. பித்தளை எழுத்துகளை ஸ்லைடில் கோத்து, அவற்றின் பள்ளத்தில் ஸ்டைலஸ் என்கிற ஊசியை ஓட்டினால், மறுபக்கம் கட்டர் அதே எழுத்தைச் சின்னதாக ஷீட்டில் வெட்டும். கறுப்பு சீவப்பட்டு வெள்ளை எழுத்து தெரியும்.

இதில் எண்ணுவது எதற்கு? எழுத்து பிளேட்டின் நடுவில் விழ வேண்டும். நாலெழுத்து வார்த்தைக்கு ஸ்டாப்பரை ஒரு இடத்தில் வைக்க வேண்டும், ஐந்தெழுத்துக்கு இன்னொரு இடத்தில். ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதனால் காலையில் வந்ததும் அன்றைய ஆர்டர்களை எல்லாம் எழுத்துக் கணக்கில் பிரிப்போம். மூன்றெழுத்து வார்த்தைகள் முதலில், பிறகு நாலு, பிறகு ஐந்து. எந்த கம்பெனி ஆர்டராக இருந்தாலும் சரி, ஐந்துக்கு ஸ்டாப்பர் வைத்துவிட்டால் அன்றைய ஐந்தெழுத்து வார்த்தைகள் எல்லாவற்றையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் ஆறுக்குப் போக வேண்டும். வெட்டியதைப் போட்டு வைக்கும் டப்பாக்களும் அப்படித்தான். மேலே மூன்று, நாலு, ஐந்து என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். என்ன வார்த்தை என்று யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. நாள் முழுக்க வெட்டுகிறேன், என்ன வெட்டுகிறேன் என்று தெரியாமல் இருந்தால் எனக்கும் அந்த மெஷினுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு நோட்டு வாங்கினேன். மூன்றெழுத்துக்குச் சில பக்கம், நாலெழுத்துக்குச் சில பக்கம் என்று ஒதுக்கி, வெட்டுகிற வார்த்தைகளை எழுதி, பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரியைப் பார்த்து எதிரே தமிழில் அர்த்தம் எழுதினேன்.

முதலாளி ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“தெரிஞ்சிக்கறதுக்கு.”

“தெரிஞ்சிக்கிட்டு?”

“தெரிஞ்சிக்கிட்டு வெட்டறதுக்கு.”

“வாய் மட்டும் ஏழெழுத்து,” என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான்.

2. நகத்தால் எண்ணுகிறவர்

எங்களுக்கு அடுத்த ஷெட் ஒரு பேனல் கம்பெனி. எங்கள் ஆர்டரில் பாதி அங்கிருந்துதான் வரும். அங்கே ஒயர்மேன் ஏகாம்பரம் அண்ணன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மாங்காட்டிலிருந்து சைக்கிளில் வருவார். பேனலுக்கு உள்ளே ஒயரை அவர் வளைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தால் தலை வாரிப் பின்னிவிட்டது போல இருக்கும். ஒரு ஒயர் கூடத் துருத்திக்கொண்டு நிற்காது.

பிளேட் வாங்க அவர்தான் வருவார். வந்தால் சும்மா போக மாட்டார்.

“இன்னா கஸ்தூரி, இன்னிக்கி யார் மேல கோவம்?”

“ஒங்க மேலதான். போன வாரம் குடுத்த பிளேட்ல ரெண்டு தொலைச்சிட்டீங்களாமே.”

“தொலிச்சது நானு இல்ல, எலி தூக்கிகினு போச்சி. எலி இங்கிலீஷ் படிக்குது.”

ஒருநாள் பிளேட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் கட்டைவிரல் நகத்தை வெட்டிய எழுத்துகள் மேல் ஓட்டிப் பார்த்தார். “நாலு. ஸ்டாப்பு. கரீட்டு,” என்றார்.

“அண்ணே, அது ஸ்டாப் இல்ல. ஓபன்.”

அவர் முகம் மாறிவிட்டது. பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்த விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“யார்கிட்டயும் சொல்லாத தங்கச்சி. நம்பர் படிப்பேன். எழுத்து தெர்யாது. எத்தினி எழுத்துன்னு எண்ணிதான் மாட்டறேன். பதினோரு வருசமா ஓட்டிகினு வரேன்.”

யோசித்துப் பார்த்தால் அவர் கம்பெனியில் அதுவரை செய்தது பெரும்பாலும் சாதாரண மோட்டார் பேனல். ஆன் என்றால் இரண்டு, ஆஃப் என்றால் மூன்று, ஸ்டாப் நாலு, ஸ்டார்ட் ஐந்து. இங்கிலீஷில் அப்படித்தான் அமைந்திருக்கிறது. எண்ணத் தெரிந்தால் போதும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருடைய பிளேட்டுகளை மட்டும் டப்பா கணக்கில் கட்டாமல், டிராயிங்கில் இருக்கிற வரிசைப்படி இடமிருந்து வலமாக அடுக்கிப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். அவர் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினால் சரியாக வரும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

பதிலுக்கு அவர் என் நோட்டைத் திருத்தினார். ஆமாம், எழுத்துத் தெரியாத மனுஷன்தான் திருத்தினார்.

“ட்ரிப்புக்கு இன்னா எழுதி வெச்சிகீற?”

“பயணம், உல்லாசப் பயணம்.”

அவர் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார். “மோட்டாரு இன்னா திருப்பதிக்கா போவுது? லோடு தாங்காம மோட்டாரு தானா நின்னுக்கறதும்மா ட்ரிப்பு. அட்ச்சிட்டு எய்து.”

அடித்துவிட்டு எழுதினேன்.

‘ஜாக்’ என்ற மூன்றெழுத்து வார்த்தைக்கு மெல்ல ஓடு என்று எழுதியிருந்தேன். “பட்டன்ல கைய வெச்சா மெஷினு கொஞ்சமா நவுரும். கைய எட்த்தா நின்னுடும். பெல்ட்டு மாத்த சொல்லோ தேவப்படும்,” என்றார். ‘பர்ஜ்’ என்ற ஐந்தெழுத்து வார்த்தைக்குத் தூய்மைப்படுத்து என்று போட்டிருந்தேன்.

“எத்த தூய்மைப்படுத்தறது? தொடப்பத்தாலயா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “பாய்லர் உள்ள பழைய எண்ணெ ஆவி அடைஞ்சிகினு இருக்கும். பத்த வெக்கறதுக்கு முன்னாடி ஃபேன போட்டு அத்த வெளிய தள்ளணும். அதான் பர்ஜு. தள்ளாம நெருப்பு காட்டுன, டமாலு. ஆளு மிஞ்ச மாட்டான்.”

இதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். டிக்‌ஷனரி எழுதினவர்கள் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

3. வெள்ளிக்கிழமை

ஒரு வருஷம் போனது. பேனல் கம்பெனிக்குப் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஒரு பாய்லர் பேனல் ஆர்டர் வந்தது. பர்னரைப் பற்ற வைக்கிற பேனல். மூன்று பட்டன், இரண்டு லாம்ப். பர்ஜ், ஸ்டார்ட், ரீசெட் மூன்றும் பட்டன். ஃப்ளேம், அலார்ம் இரண்டும் லாம்ப். இங்கிலீஷில் எண்ணிப் பாருங்கள். ஐந்தும் ஐந்தெழுத்து. பட்டன் எல்லாம் ஒரே கறுப்பு.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் போகவில்லை. முதலாளி தானே பிளேட்டுகளை வெட்டி, பட்டறை வழக்கப்படி ஐந்தெழுத்து டப்பாவில் போட்டு, அப்படியே ஒரே கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு ஏகாம்பரம் அண்ணன் விஷயம் தெரியாது.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தேன். பேனல் கம்பெனிக்கு வேறு ஒரு பிளேட் கொடுக்கப் போனபோது அந்த பாய்லர் பேனல் வேலை முடிந்து வாசல் பக்கம் நின்றது. கதவில் டிராயிங் ஒட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் பிளேட்டுகளைப் படித்தேன். பர்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ட் இருந்தது. ஸ்டார்ட் இடத்தில் பர்ஜ். ஒன்றுகூடச் சரியில்லை.

அந்தக் காலத்துச் சின்ன பேனல்களில் தப்பாக அமுக்கினால் தானாகத் தடுக்கிற ஏற்பாடெல்லாம் கிடையாது. பாய்லர் ஆள் பிளேட்டை நம்பித்தான் அமுக்குவான். ஃபேன் என்று நினைத்து நெருப்பைக் கொடுத்துவிடுவான். டமால் என்று அவர் சொன்னது என் காதில் கேட்டது. எனக்குப் பயம் வந்தால் அது வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

“யோவ்! கண்ணு இருக்கா இல்லையா? பர்ஜ் எடத்துல ஸ்டார்ட்ட மாட்டி வெச்சிருக்கியே, எவனாவது வெடிச்சி செத்தா யாரு பதில் சொல்றது?”

அதுவரை அவரை நான் யோவ் என்று கூப்பிட்டதில்லை. அவர் ஓடி வந்தார்.

“கத்தாத தங்கச்சி. மாத்திட்றேன்.”

“எப்பிடி மாத்துவே? ஒனக்குத்தான் ஒரு எழுத்துகூட படிக்கத் தெரியாதே! பன்னெண்டு வருஷமா எண்ணி எண்ணித்தானே மாட்டிக்கினு கீற!”

ஷெட்டில் பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ட்ரில்லிங் சத்தம் நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடிபட்டவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

கண்ணாடி கேபினிலிருந்து மேனேஜர் வந்தார். “ஏகாம்பரம், இந்தப் பொண்ணு சொல்றது நெஜமா?”

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“திங்கட்கிழமை கஸ்டமர் இன்ஜினியர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றார். அஞ்சு பிளேட்டையும் கழட்டி உன் கையில குடுப்பேன். அவர் முன்னாடி நீயே மாட்டணும். சரியா மாட்டினா வேலையில இரு. இல்லன்னா அன்னிக்கே கெளம்பு.”

நாற்பத்தைந்து வயது ஒயர்மேனை வேறு எந்த கம்பெனியும் எடுக்காது. அவருடைய பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன் என்று சொல்ல மாட்டேன். கத்தும்போது எதுவும் தெரியவில்லை. கத்தி முடித்ததும் எல்லாம் தெரிந்தது.

4. கால் நீட்டின எழுத்து

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதே ஐந்து வார்த்தைகளைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் மறித்தேன்.

“வயி உடும்மா. பத்து பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டு இப்ப டீச்சரு வேல பாக்க வந்துட்டியா?”

போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மாங்காட்டுக்குப் போனேன். கோயிலைத் தாண்டி இரண்டு தெரு. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். அவருடைய மனைவி திறந்தார்.

“யாரு நீ?”

“கஸ்தூரி. பக்கத்து பட்டறை.”

“ஓ, என் ஊட்டுக்காரர் மானத்த வாங்குனது நீதானா? ஆளப் பாத்தா இத்துனூண்டு கீற. வாயி மட்டும் இம்மாம் நீளம்!” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “சாப்ட்டியா?”

“இல்ல.”

“உள்ள வா.”

அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அந்த அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு அவரைப் பிடித்தார். “வெள்ளாட்டுத்தனமா கீதா? வேல போனா நீ ஊட்ல குந்திக்கினு சொவுரு பாப்பியா? அது தப்பு செஞ்சிது, வந்துச்சி. நீயும் கத்துக்கோ.”

அவர் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, பிளேட்டுகளைப் பார்த்தார்.

இருபத்தாறு எழுத்தையும் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். நாலாவது எழுத்தில் நிறுத்தினார். “இன்னும் எத்தினி கீது?” இருபத்திரண்டு என்றேன். “ஒரு நாளைக்கி ஆவாது. எனுக்கு எத்தினி எழுத்து போதும், அத்த சொல்லு.”

யோசித்தேன். ஐந்து வார்த்தைக்கும் முதலெழுத்து வேறு வேறு. ஐந்து எழுத்து தெரிந்தால் போதும். அதைச் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் ஓட்ட ஆரம்பித்தார். எங்கள் எழுத்து வெறும் பெயின்ட் இல்லை, குழியாக இருக்கும். ஸ்டார்ட்டின் முதலெழுத்து எஸ், அது பாம்பு. ஃப்ளேமுக்கு எஃப், அது பூட்டுச் சாவி. அலார்முக்கு ஏ, அது கூரை. பர்ஜுக்கு பி, அது கரண்டி.

ரீசெட்டின் ஆரில்தான் வம்பு வந்தது. பி-க்கு ஒரு கால் நீட்டினால் ஆர். நகத்துக்கு இரண்டும் முக்கால்வாசி ஒன்றுதான்.

“இது இன்னாது, கரண்டிக்கு காலு மொளச்சிகீது?”

“அதான்ணே ரீசெட். கால் இருந்தா ரீசெட், இல்லன்னா பர்ஜ்.”

“யாரு கண்டுபிடிச்ச எழுத்துடா இது? சோமாறிப் பசங்க,” என்றார்.

பிளேட்டுகளைக் கலைத்துக் கலைத்துப் போட்டு, கண்ணை மூடச் சொல்லி நகத்தால் படிக்க வைத்தேன். பொழுது சாயும்போது பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொன்னார். கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். அவர் வரவில்லை.

5. முன்னாடியும் பின்னாடியும்

திங்கட்கிழமை நான் என் முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு அங்கே போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை.

கஸ்டமர் இன்ஜினியர் தலை நரைத்தவர். அதிகம் பேசவில்லை. பேனலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, உள்ளே ஒயரிங்கைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேனேஜர் ஐந்து பிளேட்டையும் குலுக்கி அண்ணன் கையில் கொடுத்தார். டிராயிங்கில் எந்த இடத்தில் எது என்று ஒருமுறை வாயால் சொன்னார்.

அண்ணன் நகத்தை ஓட்டிப் பார்த்து மாட்ட ஆரம்பித்தார். பாம்பு சரியாகப் போனது. சாவியும் கூரையும் சரியாகப் போயின. மீதி இரண்டு. நகத்தை ஓட்டினார். கை நடுக்கத்தில் நகம் பள்ளத்தில் நிற்கவில்லை. ஒன்றை மாட்டினார், மற்றதை மாட்டினார். பர்ஜும் ரீசெட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

“பாத்தீங்களா சார்?” என்றார் மேனேஜர். “இத்தனை வருஷமா நம்மள ஏமாத்தியிருக்கான்.”

நான் வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை திறந்ததே போதும் என்று மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த நேரங்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் அது ஒன்று.

இன்ஜினியர் அண்ணனைக் கேட்டார். “இந்த பேனல ஒயரிங் பண்ணது யாரு?”

“நான்தான் சார்.”

“நான் பாய்லர் பத்த வைக்கணும். மொதல்ல எந்த பட்டன் அமுக்கணும்? பிளேட்ட பாக்காம சொல்லுங்க.”

அண்ணன் பேனலுக்குப் பின்னால் போனார். கதவைத் திறந்து ஒயரைப் பிடித்தார். பிடித்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“பதினாலாம் நம்பரு ஒயரு ஃபேன ஓட்டற கான்டாக்டரு சுவிட்சுக்கு போவுது சார். மொதல்ல அது. பழைய ஆவி வெளிய போவணும். அப்பறம் ஒம்பது. அது பொறி வெக்கறது, எண்ணெ வால்வு தொறக்கறது. நெருப்பு புடிச்சா இந்த லாம்பு எரியும். புடிக்கலன்னா அந்த லாம்பு. அப்ப இருவதாம் நம்பரு, மறுக்கா மொதல்லந்து ஆரம்பிக்க.”

“முன்னாடி வந்து பதினாலாம் நம்பர் பட்டன காட்டுங்க.”

முன்னால் வந்து விரலை வைத்தார். சரியான பட்டன். விரல் மேலேயிருந்த பிளேட்டுக்குப் போனது. நகம் ஓடியது, நின்றது. மறுபடியும் ஓடியது.

“இங்க காலு கீது,” என்றார்.

“என்ன?”

“இது பர்ஜு இல்ல சார். ரீசெட்டு. தப்பா மாட்டிட்டேன். நான்தான் மாட்டுனேன், தப்பு என்துதான்.” ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார்.

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். இன்ஜினியர் முந்திக்கொண்டார். “படிச்சவங்க முன்பக்கம் மட்டும் பாத்து மாட்டறாங்க. டிராயிங் தப்பா இருந்தா தப்பாவே மாட்டறாங்க. இவர் பின்னாடி பாக்கறார். எனக்கு ரெண்டும் வேணும். முன்னாடி நின்னு ஒருத்தர் படிக்கணும், பின்னாடி ஒயர புடிச்சி இவர் சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பேனல் வெளிய போகணும். இவர் தனியா பிளேட் மாட்டக் கூடாது. ஆனா இவர் இல்லாம எனக்கு பேனல் அனுப்பாதீங்க.”

“முன்னாடி படிக்க இப்ப ஆள் இல்லையே சார்,” என்றார் மேனேஜர்.

“நான் வரேன்,” என்றேன். அப்போதுதான் நான் அங்கே நிற்பதையே இன்ஜினியர் பார்த்தார்.

6. அதே சத்தம்

வேலை தப்பியது. அன்றிலிருந்து பேனல் வெளியே போகும் நாளில் நான் பக்கத்து ஷெட்டுக்குப் போவேன். முன்னால் நின்று பிளேட்டைப் படிப்பேன். பின்னாலிருந்து அவர் ஒயர் நம்பரையும் அது செய்கிற வேலையையும் சொல்வார். முதலாளி முணுமுணுத்தார். தப்பு என்று பிளேட்டுகள் திரும்பி வருவது நின்றதும் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

ஆனால் அண்ணன் என்னிடம் பேசவில்லை. “படி” என்பார். படிப்பேன். “சரி” என்பார். அவ்வளவுதான். இன்னா கஸ்தூரி, யார் மேல கோவம் என்று கேட்பதில்லை. எலி கதை இல்லை. என் நோட்டில் புதிய வார்த்தைகள் டிக்‌ஷனரி அர்த்தத்தோடு அப்படியே கிடந்தன.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வீடு தேடிப் போய்ச் சொல்லிக் கொடுத்தேனே, ஒவ்வொரு பேனலுக்கும் வந்து நிற்கிறேனே, இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஷெட்டில் ஒரு பேனலைப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவன் தூரத்திலிருந்து கத்தினான்.

“யோவ் அஞ்செழுத்து! ஸ்பேனர குடு!”

யாரைக் கூப்பிடுகிறான் என்று புரியாமல் திரும்பினேன். ஏகாம்பரம் அண்ணன் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு மாதமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நேற்று வந்த ஃபிட்டருக்கு அவருடைய நிஜப் பெயரே தெரியாது.

நான் கத்தியது வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்த ஷெட்டிலேயே தங்கி, தினமும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்ஜினியர் பாராட்டியது மேனேஜருக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டிருந்தது. நான் கத்தியது எல்லாருக்கும் கேட்டிருந்தது.

வாசல் பக்கம் போனேன். அன்று பாய்லர் பேனல் நின்ற அதே இடம். ட்ரில்லிங் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கேட்கிற மாதிரி கத்தினேன்.

“எல்லாரும் இங்க பாருங்க! அன்னிக்கு ஏகாம்பரம் அண்ணன இதே எடத்துல நான் கேவலமா பேசினேன். நான் பேசினது தப்பு. அவர் என்னை நம்பிச் சொன்னத ஊருக்கே கேக்கக் கத்தினேன். அது அதவிடத் தப்பு. எனக்குத் தெரிஞ்ச வேலைல பாதி அவர் சொல்லிக் குடுத்தது. பர்ஜ்னா என்னன்னு இங்க ஒருத்தர் சொல்லுங்க பாப்போம். யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் பேரு ஏகாம்பரம். அவர இனிமே எவனாவது அஞ்செழுத்துன்னு கூப்ட்டா, அன்னிக்கு அவர நான் பேசின மாதிரி அவன நான் பேசுவேன்!”

ட்ரில்லிங் நின்றது. மேனேஜர் கேபினிலிருந்து எழுந்து நின்றார். புது ஃபிட்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏகாம்பரம் அண்ணன் பேனலுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

“இன்னாத்துக்கு இம்மாம் சத்தம்? பின்னாடிதானே கீறேன், ஆவடி வரிக்கும் கேட்டிருக்கும். வா, பாதி பேனலு கீது. படி.”

போய்ப் படித்தேன். அவர் சரி என்றார். நாலு பிளேட் ஆனதும் பின்னாலிருந்தே கேட்டார். “நோட்டுல பைபாஸுக்கு இன்னா எழுதி வெச்சிகீற?”

“புறவழிச் சாலை.”

பேனல் குலுங்கியது. உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தப்பைப் பார்த்தால் கத்துங்கள். பாய்லர் விஷயத்தில் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆனால் தப்பைப் பற்றிக் கத்துங்கள், ஆளைப் பற்றிக் கத்தாதீர்கள். வாய் தவறி ஆளைக் கத்திவிட்டால், பிறகு ஓரமாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து முணுமுணுக்காதீர்கள். எந்த இடத்தில் கத்தினீர்களோ அங்கேயே போய் நின்று, யார் யார் காதில் விழுந்ததோ அவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, அதே சத்தத்தில் மன்னிப்புக் கேளுங்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் அது மன்னிப்பு இல்லை.